எடை ஏறியது, நீளம் ஏறவில்லை: தண்டையார்பேட்டைக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் பல வருடமாகக் குழந்தைகள் கிளினிக் நடத்துகிறேன். இந்த ஆய்வில் வரும் பெண் குழந்தையை அதன் 6-வது வாரத்திலும் 10-வது வாரத்திலும் நானே பார்த்தேன். இரண்டு முறையும் எடை பார்த்தேன், தடுப்பூசி போட்டேன், "நல்லா இருக்கா, கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பினேன். அவளுக்கு இருந்தது பிறவித் தைராய்டு குறைபாடு. அந்த நோய் என் கண்ணில் பட்டது 15-வது வாரத்தில். இடையில் போன அந்த 9 வாரங்கள் ஒரு கைக்குழந்தையின் மூளைக்கு எவ்வளவு பெரிய காலம் என்று தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன். பெற்றோர் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர், தெரு, பிறந்த இடம் எதையும் சொல்லப்போவதில்லை.

வந்த அன்று

மே மாதம், கத்திரி வெயில். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. குழந்தையின் அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைத்துப் பெட்டி கட்டுபவர். படகுகள் கரையில் நின்றதால் வேலை குறைந்து, சில வாரமாக வீட்டில் இருந்தார். இல்லையென்றால் இந்தக் குழந்தையை அவர் விடியற்காலை இருட்டில் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. இப்போது பகலெல்லாம் மடியில் வைத்திருந்ததால் ஒன்றைக் கவனித்திருக்கிறார்.

"டாக்டரம்மா, நான் தெனமும் ஐஸுல கைய வுட்டு எடுக்கறவன். என் கையி மரத்துப்போன கையி. எனக்கே இத்தோட காலு ஜில்லுன்னுது. இந்த வெயில்ல இன்னாத்துக்கு இப்டி?"

ஆயாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. "குளுந்த ஒடம்பு அதுக்கு. அயவே அயாது டாக்டரம்மா. எயுப்பி எயுப்பித்தான் பால் குடுக்கணும். தங்கமான கொயந்த."

கிளினிக்கில் ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் என் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. குழந்தையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தேன். சில்லென்று, வறண்டு, மண் பானையின் அடிப்பகுதியைத் தொட்டதுபோல இருந்தது. தொடையில் வலை போட்டாற்போல நீலமும் வெளுப்புமாகத் தோல். அக்குளில் வெப்பம் 35.8 டிகிரி செல்சியஸ். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 94. அந்த வயதுக்கு 120-க்கு மேல் இருக்க வேண்டும். வயிறு உப்பி, தொப்புள் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குப் பிதுங்கியிருந்தது. வாய் மூடினாலும் நாக்கு நுனி வெளியே நின்றது. உச்சிக்குழி அகலம், பின்மண்டையில் இருக்கும் சின்னக் குழி இந்நேரம் மூடியிருக்க வேண்டியது, என் விரல் நுனிக்கு இடம் கொடுத்தது. தூக்கி நிறுத்திப் பிடித்தால் கையிலிருந்து நழுவுகிற தளர்ச்சி. ஊசி போட்டபோது அழுதது, ஆனால் அந்த அழுகை கரகரத்து, தாமதமாக வந்தது. குத்தி முடித்துப் பஞ்சு வைத்த பிறகுதான் முகம் சுளித்தது.

இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும்போது எந்த மருத்துவருக்கும் தெரியும். ஆனால் 6-வது வாரத்தில் இவை ஒவ்வொன்றாக, தனித்தனியாக, சாதாரண முகத்தோடு வந்திருந்தன. மலச்சிக்கல் என்றார்கள், தாய்ப்பால் குடிக்கும் குழந்தை நாலைந்து நாள் போகாமல் இருப்பது சகஜம் என்றேன். மஞ்சள் காமாலை நாலு வாரம் இருந்ததாம். பிறந்த இடத்தில் "தாய்ப்பால் காமாலை, காலை வெயில் காட்டுங்க" என்று சொல்லியிருந்தார்கள், நானும் அதையே கோப்பில் எழுதினேன். ஆயா மாந்தம் என்று உரைமருந்து கொடுத்தார். தூங்குகிற குழந்தையை யாரும் நோய்க்குழந்தை என்று நினைப்பதில்லை. "தங்கமான குழந்தை" என்று பாட்டிகள் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்பதை நான் இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அட்டையில் இருந்ததும் இல்லாததும்

தடுப்பூசி அட்டையில் எடைக் கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருந்தன. 41-வது வாரத்தில் பிறப்பு, 3.4 கிலோ. ஆறாவது வாரம் 4.2. பத்தாவது வாரம் 4.8. இப்போது 5.3. சராசரிக்குக் கீழேதான், ஆனால் பயப்படும்படி எதுவும் இல்லை. கோட்டுக்குள் நடக்கிற குழந்தை.

நீளத்துக்கான கட்டம் காலி. பிறந்தபோதும் அளக்கவில்லை, நானும் அளக்கவில்லை.

கிளினிக்கில் நீளம் அளக்கும் பலகை ஒன்று இருக்கிறது. அலமாரிக்கு மேலே, பழைய கோப்புகளுக்கு அடியில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்தோம். டேப்பை வைத்து மெத்தைமேல் அளப்பது அளவே அல்ல. குழந்தை காலை மடக்கிக்கொள்ளும், தலை நகரும். பலகையில் இரண்டு பேர் வேண்டும். என் உதவியாளர் தலையை மேல்தட்டோடு சேர்த்து, கண் நேராகக் கூரையைப் பார்க்கும்படி பிடித்தார். நான் முழங்காலை மெல்ல அழுத்தி நீட்டி, கீழ்த்தட்டைப் பாதத்தோடு ஒட்ட நகர்த்தினேன். மற்ற குழந்தைகள் இந்த இடத்தில் கத்திக் கூரையைப் பிளக்கும். இவள் எந்த எதிர்ப்பும் காட்டாமல் கிடந்தாள். 54.3 செ.மீ. நம்பாமல் திரும்பவும் அளந்தேன். 54.3.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் இந்த வயதுப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு ஏறக்குறைய 61 செ.மீ. இவள் கடைசிக் கோட்டுக்கும் கீழே இருந்தாள். தலைச்சுற்றளவோ 39.6 செ.மீ., வயதுக்குப் பொருத்தம். தலை வளர்ந்திருக்கிறது, எடை ஏறக்குறைய வந்திருக்கிறது, நீளம் மட்டும் நின்றுபோயிருக்கிறது. பால் போதாத குழந்தையின் படம் இதற்கு நேர் எதிரானது: அங்கே முதலில் எடை விழும், நீளம் பிறகுதான் தயங்கும். எடை ஏறியும் நீளம் மட்டும் நின்றுபோனால் ஹார்மோனைத் தேடு என்று படிக்கும் காலத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். எடையை மட்டும் பார்த்த நான் அந்தப் பாடத்தைப் பயன்படுத்தவே இல்லை.

ஆய்வகமும் முழங்காலும்

அன்று மாலையே ரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு சுரக்காவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும். இவளுக்கு அது 100-க்கு மேல், கருவி அதற்கு மேல் எண் தரவில்லை. தைராய்டு சுரக்கும் ஹார்மோனின் அளவான ஃப்ரீ டி4 வெறும் 0.3 நானோகிராம். ஹீமோகுளோபின் 8.9. அம்மாவின் தைராய்டு சரியாக இருந்தது.

முழங்கால் எக்ஸ்-ரே ஒன்றும் எடுத்தோம். நோய் இருக்கிறதா என்று பார்க்க அது தேவையில்லை. எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். தொடை எலும்பின் கீழ்நுனியில் ஓர் எலும்புப் புள்ளி கருவின் 36-வது வாரவாக்கில் தோன்றிவிடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் படத்தில் பட்டாணிபோலத் தெரியும். இவளுக்கு மூன்றரை மாதத்தில்கூட அந்த இடம் கறுப்பாக இருந்தது. அதாவது கருப்பையிலேயே தைராய்டு ஹார்மோன் குறைந்திருக்கிறது. அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த அன்றே ஒரு முழங்கால் படமோ ஒரு சொட்டு ரத்தமோ இதைச் சொல்லியிருக்கும்.

அந்தச் சொட்டு ரத்தத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "குதிகால்ல குத்தி ஒரு டெஸ்டு இருக்கு, வேணும்னா எடுக்கலாம், கட்டாயமில்லன்னு சொன்னாங்க. கொயந்த நல்லாத்தானே இருக்குன்னு வுட்டுட்டோம்" என்றார். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை. கட்டாயமில்லை என்று சொன்னால் யார்தான் பிறந்து இரண்டு நாளான குழந்தையைக் குத்தச் சொல்வார்கள்?

தைராய்டு ஹார்மோனான தைராக்ஸின் மாத்திரையை அன்றிரவே தொடங்கினோம். சுரப்பி எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது. தொடங்கிய ஓரிரு நாளில் எடுத்தாலும் விடை கிடைக்கும். மூன்றாம் நாள் எடுத்த ஐசோடோப் ஸ்கேனில் கழுத்து வெறுமையாக இருந்தது. நாக்கின் அடியில் மட்டும் ஒரு சின்ன ஒளிப்புள்ளி.

கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடிப்பகுதியில்தான் முளைக்கிறது. ஏழாவது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்கி வந்துவிடும். சில குழந்தைகளுக்கு இறங்காமல் அங்கேயே சிறுத்து நின்றுவிடும். பெண் குழந்தைகளில் இது இரண்டு மடங்கு. ஆயா கேட்டார்: "நாங்க மீனு துன்ற ஜனம். அயோடின் குறைவுன்னு டி.வி.ல சொல்றாங்களே, அது எங்களுக்கு எப்டி வரும்?" சரியான கேள்வி. கடல்மீன் சாப்பிடும் வீட்டில் அயோடினுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடுப்பே இல்லாத வீட்டில் விறகு குவிந்து என்ன செய்ய? இவளுக்குக் குறை அயோடினில் இல்லை, சுரப்பியில்.

இது அபூர்வ நோய் என்றுதான் நாங்கள் படித்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது 1,130 பேரில் ஒருவருக்கு இருந்தது. தெற்கில் 727-க்கு ஒருவர். கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ 1974-இல் காய்ந்த ரத்தப் பொட்டில் தைராய்டைப் பார்க்கும் முறையைத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. டி.எஸ்.எச். மட்டும் பார்க்கச் சில நூறு ரூபாய் ஆகும்.

எடை ஏன் ஏறியது

என்னை ஏமாற்றியது இந்தக் கேள்விதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கருவில் இருக்கும்போது வளர்ச்சியின் கடிவாளம் வேறு கையில் இருக்கிறது. நஞ்சுக்கொடி வழியாக வரும் சர்க்கரை, அதை உடம்பாக்கும் குழந்தையின் சொந்த இன்சுலின், அதன் உறவுக்காரர்களான ஐ.ஜி.எஃப்-1, ஐ.ஜி.எஃப்-2 ஆகியவை முக்கியம். சர்க்கரை நோய் கட்டுப்படாத தாய்க்கு நாலு கிலோ குழந்தை பிறப்பது இதனால்தான். தைராய்டு இல்லாத குழந்தையும், பிட்யூட்டரியின் வளர்ச்சி ஹார்மோன் இல்லாத குழந்தையும் பிறக்கும்போது ஏறக்குறைய இயல்பான அளவில்தான் இருப்பார்கள். போதாக்குறைக்குத் தாயின் தைராக்ஸினும் நஞ்சுக்கொடியைக் கடந்து கொஞ்சம் வருகிறது. தைராய்டு ஹார்மோனைச் செய்யவே முடியாத குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் தாயின் தைராக்ஸின் கணிசமாக இருப்பதை நெதர்லாந்தின் தோமஸ் வுல்ஸ்மா குழுவினர் 1989-இல் காட்டினார்கள். பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் அது கரைந்துபோகிறது. ஆகவே பிரசவ அறையில் பார்ப்பவருக்கு இந்தக் குழந்தை நன்றாகவே தெரியும். அம்மா மூட்டை கட்டிக் கொடுத்த சோறு தீர்ந்த பிறகுதான் பசி தெரிகிறது.

பிறந்த பிறகு முதல் வருடத்தை ஆள்வது உணவும் தைராய்டும். முதல் வருடத்தின் பிற்பாதியில் வளர்ச்சி ஹார்மோன் படிப்படியாகப் பொறுப்பேற்கும். பருவம் எய்தும்போது பாலின ஹார்மோன்கள் சேர்ந்துகொள்ளும். ஸ்வீடனின் யோஹான் கார்ல்பெர்க் 1980-களில் இதை மூன்று அலைகளாக வரைந்து காட்டினார். ஒரு அலை தவறினால் அடுத்தது அந்த இடத்தை அப்படியே நிரப்பிவிடாது.

பிறந்த கணத்தில் நடப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். 37 டிகிரியில் மிதந்த உயிர் ஈரத்தோடு வெளியே வந்து விழுகிறது. குளிர் பட்ட அரை மணி நேரத்துக்குள் டி.எஸ்.எச். 60, 70 என்று தாவி ஏறுகிறது. அதனால்தான் பரிசோதனை ரத்தத்தைத் தொப்புள்கொடியில் எடுக்க வேண்டும், இல்லையேல் 48 மணி நேரம் போகட்டும் என்கிறோம்; இடையில் எடுத்தால் எல்லாக் குழந்தையும் நோயாளிபோலத் தெரியும். அந்தத் தாவலில் சுரக்கும் தைராய்டு ஹார்மோன் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும், பிடரியிலும், சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பைக் கிளறிவிடுகிறது. பச்சிளங்குழந்தைக்கு நடுங்கிச் சூடேறத் தெரியாது. பழுப்புக் கொழுப்பில் யு.சி.பி-1 என்ற புரதம் ஒரு கசிவுவாசல்போல வேலை செய்து, எரியும் கொழுப்பை வேறெந்த வேலைக்கும் விடாமல் நேரடியாகச் சூடாக மாற்றுகிறது. ஆட்டுக்குட்டிக்கும் எலிக்குட்டிக்கும் நம் குழந்தைக்கும் இதே ஏற்பாடு. பன்றிக்குட்டிக்கு மட்டும் அந்தப் புரதம் இல்லை. அதனால்தான் அவை பிறந்தவுடன் நடுங்குகின்றன, தாயோடும் ஒன்றோடொன்றும் ஒட்டிக் கிடக்கின்றன.

ஐஸ் வேலை செய்யும் அப்பாவின் மரத்த கைக்குத் தெரிந்தது இந்த அடுப்பு அணைந்திருந்ததுதான்.

அடுப்பு அணைந்தால் விறகு மிச்சமாகிறது. உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளும் பம்புகள் இரவும் பகலும் ஓடுகின்றன. எத்தனை பம்பு, எவ்வளவு வேகம் என்பதில் தைராய்டின் கை பெரியது. அது குறைந்தால் இதயம் மெதுவாகத் துடிக்கும், குடல் மெதுவாக நகரும், கல்லீரல் பித்தநிறமியை மெதுவாகக் கழிக்கும். நாலு வாரக் காமாலையும் மலச்சிக்கலும் தனித்தனி நோய்களே இல்லை. இன்னொரு செலவும் நின்றுபோகிறது. முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறக்குறைய 35 சதவீதம் வளர்வதற்கே போகிறது. ஒரு வயதில் அது 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். அதாவது வாழ்நாளிலேயே வளர்ச்சிக்கு அதிகம் செலவிடும் மாதங்களில் இவள் அந்தச் செலவைச் செய்யவில்லை. எழுப்பி எழுப்பிக் கொடுத்த கொஞ்சப் பாலே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. மிச்சம் கொழுப்பானது. தோலுக்கு அடியில் பசைபோன்ற பொருள் சேர்ந்து நீரைப் பிடித்துவைத்தது. தராசு அதையும் கிலோவில்தான் காட்டியது.

பட்டினிக் குழந்தையின் உடம்பு வேறு விதமாகக் கணக்குப் போடும். அதில் வளர்ச்சி ஹார்மோன் குறையாது, கூடும். ஆனால் கல்லீரல் அதன் பேச்சைக் கேட்க மறுத்து ஐ.ஜி.எஃப்-1 சுரப்பைக் குறைத்துவிடும். விளைவு, கொழுப்பு எரிந்து உயிர் தாங்கும், எலும்பு நீளாது. அரிசிக்கே வழியில்லாத வீட்டில் மாடி கட்டமாட்டார்கள். அது நிலைமையறிந்து உடம்பு எடுக்கும் முடிவு. இவளுக்கு நடந்தது அப்படியல்ல. பால் இருந்தது, அம்மா இருந்தார், எல்லாம் இருந்தது. வேலையைத் தொடங்கச் சொல்லும் குரல்தான் இல்லை. எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்புச் செல்கள் வரிசையில் நின்று பெருகி, பிறகு பருத்து, எலும்புக்கு இடம் கொடுக்க வேண்டும். பருக்கும் அந்தக் கட்டத்துக்குத் தைராய்டு கட்டாயம். வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதற்கும் அதுவே வேண்டும். ஆக ஒரே குறையில் இரண்டு கதவும் அடைபடுகின்றன.

மாத்திரை

50 மைக்ரோகிராம் தைராக்ஸின், ஒரு நாளைக்கு ஒன்று. பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்குவதாக இருந்தால் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். இவளுடைய வயதுக்கும் எடைக்கும் ஒரு முழு மாத்திரை சரியாக வந்தது. அளவு மிஞ்சினாலும் ஆபத்து. மண்டையோட்டின் மூட்டுகள் சீக்கிரம் மூடிவிடும்.

அம்மாவுக்குச் செய்து காட்டினேன். இரண்டு எவர்சில்வர் ஸ்பூன். ஒன்றில் மாத்திரை, இன்னொன்றின் முதுகால் நசுக்கி, கை பம்பிலிருந்து எடுத்த தாய்ப்பால் சில சொட்டு விட்டுக் குழைத்து, கன்னத்தின் உள்பக்கமாக விட வேண்டும். ஸ்பூனில் ஒட்டியதை இன்னும் இரண்டு சொட்டு விட்டு வழித்து அதையும் கொடுக்க வேண்டும். பாட்டில் பாலில் கலக்கவே கூடாது. குழந்தை பாதி பாட்டிலில் தூங்கிவிட்டால் பாதி மருந்து போச்சு.

புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த மருந்தின் பூர்வீகம் நினைவுக்கு வரும். 1890-களில் அன்டன் ஃபான் ஐசெல்ஸ்பெர்க் ஆட்டுக்குட்டிகளின் தைராய்டை அகற்றி, அவை குட்டையாக, மந்தமாக நின்றுபோவதைப் பதிவு செய்தார். 1891-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் மர்ரே ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தார். அவர் ஏறக்குறைய 3 டன் பன்றித் தைராய்டிலிருந்து எடுத்தது 33 கிராம். இந்தக் குழந்தை குடிக்கும் அளவில் ஒரே ஒரு கிராம் 20,000 நாளுக்கு வரும். இவ்வளவு சிறிய பொருள்தான் இவளுக்குக் கிடைக்காமல் போயிருந்தது.

எட்டாம் நாள் ஆயா மட்டும் குழந்தையோடு வந்தார். கோபமாக. "மருந்து குடுத்து கொயந்த எளச்சிப் போச்சு டாக்டரம்மா. கன்னம் வத்திப்போச்சு. ராத்திரியெல்லாம் கத்துது. நல்லா இருந்தத கெடுத்துட்டோமோ?" எடை 5.1. இருநூறு கிராம் இறங்கியிருந்தது.

எனக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில். பிடித்துவைத்திருந்த நீர் இறங்கியிருந்தது; அடுப்பு பற்றியிருந்தது. நாடி 128. ஆயாவின் கையை எடுத்துக் குழந்தையின் பாதத்தின் மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சூடா கீது" என்றார். கத்தும் குழந்தை பால் கேட்கிறது, கேட்டால் கொடுங்கள், நீங்கள் எழுப்ப வேண்டிய காலம் முடிந்துவிட்டது என்றேன். இந்த விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எடை இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லாததால் எத்தனையோ வீடுகளில் மாத்திரை நின்றுபோகிறது.

இரண்டாம் வாரம் ஃப்ரீ டி4 1.6. ஆறு மாதத்தில் நீளம் 62 செ.மீ. பதினொரு வாரத்தில் ஏறக்குறைய 8 செ.மீ. வளர்ந்திருந்தாள், சாதாரணமாக அந்தக் காலத்தில் 5 செ.மீ.தான் கூடும். தடையை எடுத்தவுடன் உடம்பு இழந்த வேகத்தையும் சேர்த்து ஓடுவதை 1963-இல் பிராடர், டானர், ஃபான் ஹார்னாக் மூவரும் எழுதி, அதற்குப் பெயரும் வைத்தார்கள். தமிழில் ஈடுகட்டு வளர்ச்சி என்று சொல்லலாம். உடம்பு தான் போக வேண்டிய இடத்தை எங்கேயோ குறித்துவைத்திருக்கிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. இங்கிலாந்தின் மெக்கேன்ஸும் விட்டோசனும் எலிக்குட்டிகளைச் சின்ன ஈற்றிலும் பெரிய ஈற்றிலும் பிரித்து வளர்த்தார்கள். பெரிய ஈற்றில் பாலுக்கு அடித்துக்கொண்டு வளர்ந்த குட்டிகள், பால்குடி மறந்த பிறகு எவ்வளவு தீனி போட்டும் மற்றவற்றை எட்டவே இல்லை. அதே பட்டினியைப் பிற்காலத்தில் போட்டால் எட்டிவிட்டன.

எட்டு மாதத்தில் டி.எஸ்.எச். திடீரென்று 31. அளவைக் கூட்டலாமா என்று பேனாவை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டு, காலையில் செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். அம்மா பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார், ஸ்பூனை எடுத்தார், கூடவே ஒரு சிவப்பு டானிக் பாட்டிலையும் எடுத்தார். பல் முளைக்கிறதென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கால்சியம். கசப்பு தெரியாமல் இருக்க அதே ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கால்சியமும் இரும்புச் சத்தும் குடலில் தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். டானிக்கைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம், அவ்வளவுதான். அடுத்த மாதம் டி.எஸ்.எச். 4.8. மாத்திரை டப்பா அடுப்படி ஜன்னலில் இருந்தது என்பதும் அன்றுதான் தெரிந்தது. கடலோர ஈரமும் அடுப்புச் சூடும் இந்த மாத்திரைக்கு ஆகாது, பீரோவுக்குள் போனது.

நீளம் ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம்

ஒரு வயதில் 71.5 செ.மீ. இரண்டு வயதில் 84.6. நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, அவளுடைய அம்மா அப்பா உயரத்துக்குப் பொருத்தமாக. முழங்கால் படத்தில் எலும்புப் புள்ளி வந்துவிட்டது. தொப்புள் தானாக உள்ளே போய்விட்டது. உடம்பளவில் 15 வாரத் தாமதத்தை அவள் முழுக்க அடைத்துவிட்டாள்.

மூளை அப்படி இல்லை. ஆட்டுக்குட்டி பிறந்த சற்று நேரத்தில் எழுந்து நிற்கிறது. அதன் மூளையின் பெரும் வேலை கருப்பையிலேயே முடிந்துவிடுகிறது. எலிக்குட்டி கண் திறக்காமல், மயிரில்லாமல் பிறக்கிறது. அதற்கு அந்த வேலை பிறந்த பிறகுதான். தைராய்டு இல்லாமல் வளர்ந்த எலிக்குட்டிகளின் மூளைப் புறணியில் நரம்புக் கிளைகள் சுருங்கி, இணைப்புகள் குறைந்திருப்பதை 1950-களில் ஈயர்ஸ் விரிவாகப் பார்த்தார். மனிதக் குழந்தை இரண்டுக்கும் நடுவில். கருவில் தொடங்கி மூன்று வயது வரை தைராய்டைச் சார்ந்தே அதன் மூளை கட்டப்படுகிறது, அதிலும் முதல் மாதங்கள்தான் அதிகம். பிறந்த குழந்தை ஓய்வாகச் செலவழிக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் மூளைக்கே போகிறது என்றால் அங்கே எவ்வளவு வேலை நடக்கிறது என்று பாருங்கள். எலும்பில் வளர்ச்சித் தட்டு திறந்து காத்திருக்கும். மூளையில் அந்தந்த வாரத்து வேலையை அந்தந்த வாரமே முடித்தாக வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிய குழந்தைகள் பெரும்பாலும் மற்றவர்களைப்போலவே படித்து, வேலைக்குப் போகிறார்கள்.

இவள் ஒன்பது மாதத்தில் உட்கார்ந்தாள். பதினேழு மாதத்தில் நடந்தாள். காது கேட்கும் பரிசோதனை சரி, இதய எக்கோ சரி. இந்த நோயில் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு வயதில் "ஆயா", "மீனு", "இல்ல" உட்படப் பத்துப் பதினைந்து சொல் இருக்கிறது, இரண்டு சொல்லைக் கோர்க்க இன்னும் வரவில்லை. வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் ஆயாதான் கூட்டிப்போகிறார். வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே போவதாகவும், ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் சொல்லிக் காட்டுவதாகவும் சொன்னார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைவிட அது அதிகம் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

சுரப்பி இடம் மாறி இருப்பதால் மூன்று வயதில் மருந்தை நிறுத்திப் பார்க்கும் சோதனை இவளுக்குத் தேவையில்லை. மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. கடந்த மாதம் 62.5 மைக்ரோகிராமுக்கு உயர்த்தினோம். நீளப் பலகை இப்போது எடைக் கருவிக்குப் பக்கத்து மேஜையிலேயே இருக்கிறது. ஊசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் அதில் கிடத்திய பிறகுதான் எடை போடுகிறோம். இவளுக்கு அடுத்த டி.எஸ்.எச். ஆகஸ்டில்.